ஆலிஸ் முதல் டிஃபனி வரை: சிறார் மாயக் கதைகளில் பெண்பிள்ளை வளர்ந்த வரலாறு

மொழி அன்பர்கள் கூடியுள்ள இவ்வவையில் ஒரு சொல்லை முன்வைத்துத் தொடங்குவது பொருத்தமாகும். 'அவன் பெரியவனாகிவிட்டான்' என்று தமிழில் சொன்னால் கேட்பவர் பல பொருள் கொள்வர். உயரம் கூடியிருக்கலாம், பொறுப்பு வந்திருக்கலாம், வேலைக்குச் செல்லத் தொடங்கியிருக்கலாம். 'அவள் பெரியவளாகிவிட்டாள்' என்று சொன்னாலோ பெரும்பாலும் ஒரே பொருள்தான் தோன்றும். பூப்பெய்தினாள் என்பதே அது. மாறியது ஒரு விகுதி. ஆனால் பல ஆண்டுகளில் மெல்ல நிகழ வேண்டிய வளர்ச்சி ஒரே நாளுக்குள் அடங்கிவிடுகிறது. அந்நாளுக்குப் பின் மரம் ஏறலாகாது, தெருவில் ஓடலாகாது, உரக்கச் சிரிக்கலாகாது என்ற கட்டளைகள் வரிசையாக வந்ததை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

நம் இலக்கணமும் பெண்ணின் பருவத்தைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாகப் பகுத்தது. ஐந்து வயதில் தொடங்கும் அக்கணக்கு நாற்பதில் நின்றுவிடுகிறது. உலா இலக்கியத்தில் இவ்வேழு பருவத்தாரும் வீதியில் பவனி வரும் தலைவனைக் கண்டு என்ன ஆகின்றனர் என்பதைக் கொண்டே ஒரு பருவம் மற்றொன்றிலிருந்து வேறுபடுத்தப்படுகிறது. பெண் எவ்வளவு வளர்ந்தாள் என்று அளக்கும் கோல் அவள் கையில் இல்லை; தெருவில் செல்பவன் கையில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'பெரியவளானாள்' என்பதற்கு நிகராக வழங்கும் ஒற்றைச்சொல் இல்லை. ஆயினும் அச்சொல் செய்த வேலையை அம்மொழியின் கதைகள் செய்தன. சிறார்க்கென எழுதப்பட்ட மாய உலகக் கதைகளை இன்று மிகுபுனைவு என்கிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக வளர்ந்த அக்கதை மரபே இவ்வுரையின் பொருள். நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் விரும்பிப் படிக்கும் மாயக் கதைகள் இம்மரபில் தோன்றியவை. ஆதலின் இது நமக்கு அயலார் வீட்டுச் செய்தி அன்று. இவ்வரலாற்றை ஒரே வினாவைக் கொண்டு தொடர விரும்புகிறோம். மாய உலகுக்குள் சென்ற பெண்பிள்ளை வளர்ந்துவிட்டால், அவ்வுலகின் கதவு அவளுக்கு என்ன ஆகிறது?

ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பது பெரிதும் தெளிவானது. டி. எச். ஒயிட் 1938இல் வெளியிட்ட 'கல்லில் செருகிய வாள்' என்னும் கதையில், வார்ட் என்ற வளர்ப்புச் சிறுவன் மெர்லின் எனும் மந்திரவாதியிடம் பாடம் கேட்கிறான். மீனாகவும் பறவையாகவும் உருமாறி உலகை அறிகிறான். முடிவில் கல்லிலிருந்து வாளை உருவி ஆர்தர் மன்னன் ஆகிறான். அவன் வளர வளர மாயம் அவனை அரியணைக்கு அழைத்துச் செல்கிறது. வளர்ச்சி அவனுக்கு வருகை. பெண்பிள்ளைக்கோ அது நெடுங்காலம் விடைபெறுதலாகவே இருந்தது.

ஏழரை வயதில் நின்ற ஆலிஸ்

1862ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தேம்ஸ் ஆற்றில் ஒரு சிறு படகு புறப்பட்டது. சார்ல்ஸ் டாட்ஜ்சன் என்ற கணித ஆசிரியரும் அவர் நண்பரும் கல்லூரித் தலைவரின் பெண்மக்கள் மூவரும் அதில் இருந்தனர். அம்மூவருள் நடுப்பிறந்த ஆலிஸ் லிடலுக்கு அப்போது வயது 10. பொழுதுபோக்காக அன்று ஆசிரியர் சொன்ன கதையே 1865இல் லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் ஆலிஸின் அற்புத உலகக் கதையாக அச்சேறியது.

அக்கதை முழுவதும் ஒரு பெண்பிள்ளையின் உடல் அளவு மாறிக்கொண்டே இருப்பதைக் காண்கிறோம். ஒன்றைக் குடித்தால் சுருங்குகிறாள்; ஒன்றைத் தின்றால் நீள்கிறாள். முயலின் வீட்டுக்குள் வளர்ந்து, கை சன்னல் வழியாகவும் கால் புகைபோக்கி வழியாகவும் நீளும்படி அடைபட்டுப் போகிறாள். கழுத்து நீண்டபோது ஒரு புறா அவளைப் பாம்பென்றே எண்ணிச் சீறுகிறது. தன் உடல் தன்னைக் கேளாமலே மாறும்போது ஒரு பிள்ளைக்கு ஏற்படும் திகைப்பை இதைவிடத் தெளிவாகச் சொன்ன நூல்கள் சிலவே.

இறுதியில் வழக்கு மன்றக் காட்சியில் ஆலிஸ் எதையும் உண்ணாமலே தானாக வளரத் தொடங்குகிறாள். பக்கத்தில் நெருக்குண்ட எலி முறையிட, தன்னால் அதைத் தடுக்க இயலாது என்கிறாள். முழு உயரம் வந்தபின் அரசியின் ஆணையை மறுத்து, அவையோர் அனைவரும் வெறும் சீட்டுகளே என்று துணிந்து சொல்கிறாள். அந்த நொடியில் சீட்டுகள் பறக்கின்றன, கனவு கலைகிறது. வளர்ச்சியே அவளுக்கு ஆற்றலைத் தந்தது. அதே வளர்ச்சி அவ்வுலகை முடித்தும் வைத்தது. பின்வந்த நூறாண்டுக் கதைகளின் முடிச்சு இவ்விடத்திலேயே விழுந்துவிட்டது எனலாம்.

1871ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டாம் நூல் வெளிவந்தது. கண்ணாடிக்குள் நுழையும் ஆலிஸுக்கு அதில் வயது ஏழரை. முட்டை வடிவினனாகிய ஹம்ப்டி டம்ப்டி அவளிடம், தன்னைக் கேட்டிருந்தால் ஏழிலேயே நின்றுவிடச் சொல்லியிருப்பேன் என்ற கருத்தில் பேசுகிறான். இது நகைச்சுவைதான். ஆனால் அந்நூல் வெளிவந்தபோது ஆற்றில் கதை கேட்ட உண்மையான ஆலிஸுக்கு வயது 19. பிள்ளை வளர்ந்துவிட்டாள், நூலில் இருப்பவள் மட்டும் வளரவில்லை. முதல் நூலின் முடிவில், ஆலிஸ் வளர்ந்த பெண்ணாகிப் பிற பிள்ளைகளுக்குக் கதை சொல்வாள் என்று அவள் அக்காள் எண்ணிப் பார்க்கிறாள். வளர்ந்த பெண்ணுக்குக் கரோல் விட்டுவைத்த இடம் அது ஒன்றே. அவள் கதை சொல்லலாம். கதைக்குள் செல்ல இயலாது.

வெண்டியின் சன்னலும் டோரதியின் நாடும்

1904 டிசம்பர் 27 அன்று லண்டனில் 'பீட்டர் பான்' நாடகம் முதன்முதலாக மேடையேறியது. அதை எழுதிய ஜே. எம். பேரி 1911இல் அக்கதையை நாவலாகவும் வெளியிட்டார். வளர மறுக்கும் சிறுவன் பீட்டரைப் பற்றி உலகம் நிறையப் பேசிவிட்டது. நாம் அவனோடு சென்ற வெண்டியைக் கவனிப்போம்.

பீட்டர் வெண்டியைத் தன் தீவுக்கு அழைப்பது தோழியாக அன்று, தாயாக. அங்கே கடற்கொள்ளையர் உண்டு, பறத்தல் உண்டு, கடற்கன்னியர் உண்டு. எனினும் வெண்டியின் பொழுது காணாமற்போன சிறுவர்களின் கால்மேசோடுகளைத் தைப்பதிலும் அவர்களை உறங்கவைப்பதிலும் கழிகிறது. வீடு திரும்பிய பின்னும் ஆண்டுக்கொரு முறை அவள் அத்தீவுக்குச் செல்ல இசைவு கிடைக்கிறது. எதற்காக? வசந்தகாலத்தில் வீட்டைத் துப்புரவு செய்வதற்காக. ஒரு பெண்பிள்ளைக்கு மாய உலகில் இவ்வளவே பங்கு என்பதை அக்காலத்து நாடக அரங்கு இயல்பாகவே ஏற்றுக்கொண்டது.

பீட்டர் சில ஆண்டுகள் வர மறந்துபோகிறான். பிறகு ஒருநாள் வரும்போது வெண்டி மணமாகி ஒரு மகளுக்குத் தாயாகியிருக்கிறாள். இருட்டில் தன் உடலைக் குறுக்கிக்கொண்டு அவனெதிரே அமர்ந்திருக்கிறாள். விளக்கு ஏற்றப்பட்டதும் அவன் அஞ்சிப் பின்வாங்குகிறான். வளர்ந்த பெண்ணின் உடல் அங்கே குற்றம்போல் மறைக்கப்படுகிறது. அவள் மகள் ஜேன் சன்னல் வழியே பறந்து செல்கிறாள். ஜேன் வளர்ந்தபின் அவள் மகள் மார்கரெட் செல்வாள். சன்னல் திறந்தே இருக்கும். ஆனால் வளர்ந்தவளுக்காக அன்று.

இதன் பின்னே ஒரு துயரம் இருப்பதையும் மறவாமல் சொல்ல வேண்டும். பேரிக்கு ஆறு வயதாக இருந்தபோது அவர் அண்ணன் பனிச்சறுக்கு விபத்தில் இறந்தான். பதினான்கு வயது நிறையவில்லை. தம் தாயைப் பற்றி 1896இல் எழுதிய நூலில், தாம் ஆளான பின்னும் அண்ணன் பதின்மூன்று வயதுச் சிறுவனாகவே நின்றுவிட்டதைப் பேரி நினைவுகூர்கிறார். வளராமை என்பது அவ்வீட்டில் இறப்பின் மறுபெயராக இருந்தது. பெரியவர்கள் தம் இழப்பைப் பிள்ளைகளின் கதையில் எழுதினர். அதன் சுமையைப் பெரும்பாலும் கதையின் பெண்பிள்ளை சுமந்தாள்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் வேறொரு விடை எழுதப்பட்டது. எல். ஃபிராங்க் பாம் 1900இல் வெளியிட்ட ஓஸ் நாட்டுக் கதையில், கான்சஸ் சமவெளிச் சிறுமி டோரதி சூறாவளியில் அடித்துச் செல்லப்படுகிறாள். அவள் யாருக்கும் தாயாகவில்லை. வழிநடக்கிறாள், சூனியக்காரியை வெல்கிறாள், போலி மந்திரவாதியின் முகமூடியைக் கழற்றுகிறாள். பாமின் மாமியார் மட்டில்டா ஜாஸ்லின் கேஜ் அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர் என்பதை இங்கே நினைவுகொள்வது தகும். 1910இல் வந்த ஆறாம் நூலில் டோரதி, சித்தப்பாவையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு ஓஸ் நாட்டிலேயே நிலையாகக் குடியேறிவிடுகிறாள். கதவு மூடவில்லை, மகிழ்ச்சிதான். ஆனால் தொடரின் பிற்கால நூல்களின்படி ஓஸ் நாட்டில் எவருக்கும் வயது ஏறுவதில்லை. கதவைத் திறந்துவைக்கக் கடிகாரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. டோரதி வெளியேற்றப்படவில்லை, அதற்கு விலையாக அவள் பெரியவளாகவே இல்லை.

சூசனின் காலுறை

இவ்வரலாற்றில் மிகுந்த வழக்குக்கு உள்ளான பெண்பிள்ளை சூசன். சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கொன்றாக ஏழு நார்னியா நூல்களை வெளியிட்டார். முதல் நூலில் பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்னும் நால்வர் ஓர் அலமாரி வழியே நார்னியாவுக்குள் சென்று அரசரும் அரசியருமாக முடிசூடுகின்றனர். அங்கேயே வளர்ந்து ஆளாகிப் பல ஆண்டுகள் ஆள்கின்றனர். பிறகு தற்செயலாக அலமாரி வழியே வெளியே வந்ததும் மீண்டும் பிள்ளைகளாகிவிடுகின்றனர். சூசனுக்கு வில்லும் ஊதுகொம்பும் பரிசாகக் கிடைத்தன. ஆனால் பெண்பிள்ளைகள் போர்க்களத்தில் நிற்க வேண்டியதில்லை என்ற அறிவுரையும் உடன் வந்தது.

வயது ஏறினால் கதவு மூடும் என்பது நார்னியாவில் இருபாலார்க்கும் பொதுவான விதி. இரண்டாம் நூலின் முடிவில் பீட்டரும் சூசனும், மூன்றாம் நூலின் முடிவில் எட்மண்டும் லூசியும், இனி வர இயலாத அளவுக்கு வளர்ந்துவிட்டதாக அறிவிக்கப்படுகின்றனர். இதைச் சொல்லாமல் லூயிஸைக் குறைகூறுவது நேர்மையாகாது. ஆனால் இறுதி நூலில் எல்லாரும் மெய்யான நார்னியாவில் மீண்டும் ஒன்றுகூடும்போது சூசன் மட்டும் அங்கில்லை. அவள் இப்போது நார்னியாவின் நட்பில் இல்லை என்று அண்ணன் சொல்கிறான். நைலான் காலுறை, உதட்டுச்சாயம், விருந்தழைப்பு ஆகியவற்றைத் தவிர அவளுக்கு நாட்டமில்லை என்று இன்னொருத்தி ஏளனம் செய்கிறாள். மூத்தவளான பாலி ஒரு திருத்தம் சொல்கிறாள்: சூசன் வளரவில்லை என்பதே குறை, இளமையின் அறிவற்ற ஒரு கட்டத்துக்கு விரைந்து சென்று அங்கேயே தங்கிவிட முயல்கிறாள் என்பது அவள் கருத்து. பெற்றோரும் உடன்பிறந்தாரும் தொடர்வண்டி விபத்தில் இறந்துபோக, சூசன் தனியே எஞ்சுகிறாள். அவள் துயரத்தைப் பற்றி நூல் ஒரு வரியும் பேசுவதில்லை.

லூயிஸ் வரைந்துவைத்த காலவரிசைப்படி இது 1949இல் நிகழ்கிறது. சூசனுக்கு அப்போது 21 வயது. இவ்விரு எண்களையும் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். போரின் காரணமாகப் பிரிட்டனில் துணிமணிகளுக்கு 1941 ஜூன் மாதம் பங்கீடு வந்தது. அது நீங்கியது 1949 மார்ச் மாதம். சூசன் போன்ற பெண்பிள்ளைகள் பதின்மூன்று வயது முதல் இருபது வயது வரை பங்கீட்டுச் சீட்டுக்கு உடை வாங்கி, பழைய துணியைத் தைத்து உடுத்தி வளர்ந்தவர்கள். அவர்களுக்கு நைலான் காலுறை என்பது செருக்கின் சின்னம் மட்டுமன்று. போர் முடிந்தது, நானும் ஓர் இளம்பெண் என்பதன் சின்னமும்கூட. வகுப்பறையிலிருந்தும் படிப்பறையிலிருந்தும் அதைக் கண்ட ஓர் ஆசிரியருக்கு அது அற்பமாகத் தோன்றியது. உலாவில் அளவுகோல் தெருவில் செல்பவன் கையில் இருந்ததைப் போல, இங்கும் அது அவள் கையில் இல்லை.

இத்தனைக்கும் வளர்ச்சியைப் பற்றி நல்லன சொன்னவரும் இதே லூயிஸ்தான். முதல் நார்னியா நூலைத் தம் ஞானமகளுக்குப் படையலாக்கியபோது, நூல் முடிவதற்குள் அவள் வளர்ந்துவிட்டாள் என்றும், மாயக் கதைகளை மீண்டும் படிக்கும் வயது ஒருநாள் அவளுக்கு வரும் என்றும் கனிவுடன் எழுதினார். 1952இல் சிறார் எழுத்தைப் பற்றி ஆற்றிய உரையில், வளர்ச்சி என்பது பழையதைக் கைவிடுவதன்று, மரம் வளையத்தின்மேல் வளையம் சேர்ப்பதுபோல் புதியதைச் சேர்த்துக்கொள்வது என்று விளக்கினார். சூசனைப் பற்றிக் கேட்ட சிறுவன் ஒருவனுக்கு 1957இல் எழுதிய மடலில், அவள் உயிரோடு இருக்கிறாள், திருந்துவதற்குக் காலம் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். கொள்கையில் மரத்தின் வளையங்களை அறிந்தவர் கதையில் சூசனுக்கு அவ்வளையத்தை மறுத்தார். அந்த இடைவெளியே பின்வந்த எழுத்தாளர்களை உறுத்தியது. பிலிப் புல்மன் 1998இல் கார்டியன் நாளேட்டில் இதைக் கடுமையாகச் சாடினார். நீல் கெய்மனின் 'சூசனின் சிக்கல்' என்ற சிறுகதை 2004இல் வெளிவந்தது.

தன் கதைக்குத் திரும்பிய ஒருவர்

எனினும் மாற்றம் கட்டுரைகளால் வரவில்லை, கதைகளாலேயே வந்தது. அதிலும் ஓர் எழுத்தாளர் தம் நூலையே மறுபடி திறந்து பார்த்ததால் வந்தது. அவர் அமெரிக்கரான உர்சுலா கே. லெ குவின். 1968இல் எர்த்ஸீ என்னும் தீவுக்கூட்ட உலகைப் படைத்து, கெட் என்ற இடைச்சிறுவன் பெரும் மந்திரவாதியாக வளர்வதை எழுதினார். அவ்வுலகின் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்ற பழமொழிகளும் அந்நாட்டில் வழங்கின. எழுதியவர் பெண் என்பதால் மரபு தானாக மாறிவிடவில்லை என்பதை இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1971இல் வந்த இரண்டாம் நூலின் நாயகி டெனார். ஐந்து வயதில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, இருண்ட தெய்வங்களின் கோயிலில் பூசாரிணியாக்கப்படுகிறாள். அவள் பெயரும் பறிக்கப்பட்டு, உண்ணப்பட்டவள் என்ற பொருளுடைய பெயர் சூட்டப்படுகிறது. நிலத்தடிச் சுரங்கவழிகளில் அவள் அரசி. வெளியுலகில் அவளுக்கு எதுவும் இல்லை. அங்கே அகப்பட்ட கெட் நீரின்றி வாடும்போது அவன் உயிர் அவள் கையில் இருக்கிறது. அவன் அவளுடைய இயற்பெயரை அவளுக்கு மீட்டுத் தருகிறான். அவள் அவனுக்குச் சுரங்கத்தின் வழியைக் காட்டுகிறாள். இருவரும் சேர்ந்தே வெளியேறுகின்றனர். ஒரு பெண்பிள்ளை மாய உலகை இழப்பதைத் தண்டனையாக அன்றி விடுதலையாகக் காட்டிய நூல் அது. ஆனால் விடுதலை பெற்ற பெண் அதற்குப் பின் என்ன செய்வாள் என்பதற்கு அந்நூலில் விடை இல்லை.

விடை வருவதற்கு 19 ஆண்டுகள் ஆயின. 1990இல் வெளிவந்த 'டெஹானு' நூலில் டெனார் நடுவயதுக் கைம்பெண். நம் ஏழு பருவக் கணக்கு ஏறத்தாழ முடிந்துபோகிற இடத்தில் நிற்பவள். பெரும் மந்திரவாதி ஒருவரிடம் கற்கும் வாய்ப்பிருந்தும் அதை விட்டு, ஓர் உழவரை மணந்து, மக்களை வளர்த்து முடித்தவள். பாத்திரம் கழுவுகிறாள், ஆடு மேய்க்கிறாள், நோயாளியின் அருகிருந்து பணிவிடை செய்கிறாள். உற்றாரே தீயிலிட்ட ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். முகத்தில் பாதி வெந்து, ஒரு கண்ணும் ஒரு கையும் பாழான அச்சிறுமியை ஊரார் பார்க்கவும் அஞ்சுகின்றனர். இறுதியில் கெட்டுக்கும் டெனாருக்கும் உயிர்க்கேடு சூழ்ந்த வேளையில், நாகப்பறவையாகிய டிராகனை அதன் ஆதிமொழியில் அழைத்து அவர்களைக் காப்பவள் அச்சிறுமியே. கெட் அப்போது தன் மந்திர ஆற்றலை முழுவதும் இழந்திருக்கிறான்.

1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் லெ குவின் தம் பழைய நூல்களைத் தாமே ஆய்ந்து, வீரன் என்றால் ஆண் என்னும் மரபுக்குள் நின்றே அவற்றை எழுதியதாக ஒப்புக்கொண்டார். புகழ்பெற்ற நூல்களை எழுதிய ஒருவர் அறுபது வயதைக் கடந்தபின் இவ்வாறு திரும்பிப் பார்ப்பது எளிதன்று. 'டெஹானு' வாசகர் பலர்க்கு ஏமாற்றமாகவும் இருந்தது. வாளும் மந்திரமும் எதிர்பார்த்தவர்கள் சமையலறையைக் கண்டனர். ஆனால் மாய உலகில் வளர்ந்த பெண்ணுக்கும் வாழ்வு உண்டு என்று அச்சமையலறைதான் முதன்முதலாக உறுதியாகச் சொன்னது.

இழப்பும் உழைப்பும்

வளர்ச்சியில் இழப்பே இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்வதும் பொய்யாகும். இதனை நன்குணர்ந்தவர் புல்மன். 1995 முதல் 2000 வரை வந்த அவருடைய மூன்று நூல்களின் நாயகி லைரா, கதை தொடங்கும்போது ஏறத்தாழ பதினொரு வயதினள். அவள் உலகில் ஒவ்வொருவருக்கும் உயிரின் ஒரு பகுதி விலங்கு வடிவில் உடனிருக்கும். பிள்ளைப் பருவத்தில் அது நினைத்தபடி உருமாறும். பருவம் எய்தியபின் ஒரே வடிவில் நிலைத்துவிடும். அப்படி நிலைப்பதற்கு முன்பே பிள்ளைகளையும் அவ்விலங்குகளையும் வெட்டிப் பிரிக்கும் கொடுமையை வடபுலத்து நிலையம் ஒன்று செய்கிறது. பிள்ளைகள் வளர்ந்து கறைபடாதிருக்கவே இதைச் செய்வதாக அங்குள்ள பெரியவர்கள் நம்புகின்றனர். பிள்ளைமையை என்றும் நிறுத்திவைக்க விரும்பும் அன்பு எவ்வளவு கொடிதாகக்கூடும் என்பதற்கு இதனினும் வலிய காட்சி இம்மரபில் இல்லை.

லைராவிடம் உண்மை சொல்லும் கருவி ஒன்று உண்டு. சிறுமியாக அவள் அதைக் கற்காமலே படித்தாள். வளர்ந்தபின் அந்த இயல்பான வரம் அவளைவிட்டு நீங்குகிறது. அழுகிறாள். ஆனால் அக்கருவி பறிக்கப்படவில்லை. இனி நூல்களின் துணையோடு பல ஆண்டுகள் உழைத்துக் கற்றால் மீண்டும் படிக்கலாம், அப்படிப் பெற்றது முன்னினும் ஆழமாயிருக்கும் என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. அவள் பள்ளிக்குச் செல்ல இசைகிறாள். இவ்விடத்தில்தான் சூசனுக்கும் லைராவுக்கும் உள்ள வேறுபாடு புலனாகிறது. சூசனின் இழப்பு தண்டனை. லைராவின் இழப்பு விலை. தண்டனை பெற்றவர் வெளியே நிற்பார். விலை கொடுத்தவர் பொருளைப் பெறுவார்.

இவ்வரலாற்றின் அடுத்த படியை டெரி பிராட்செட் எழுதினார். 1987இலேயே அவர் மந்திரவாதிகளின் பல்கலைக்கழகத்துக்குள் எஸ்க் என்ற சிறுமியை அனுப்பிப் பார்த்தவர். 2003 முதல் 2015 வரை வந்த ஐந்து நூல்களில் டிஃபனி என்ற இடையர் குடிப் பெண்பிள்ளையை ஒன்பது வயது முதல் படிப்படியாக வளர்த்தார். இங்கே மாய நாடு குளிர்ந்த தீக்கனவு. டிஃபனி அங்கே விளையாடப் போகவில்லை. கடத்தப்பட்ட தம்பியை மீட்க, கையில் வாணலியோடு போகிறாள். அவள் கற்கும் மந்திரத்தில் பெரும்பகுதி வேலை: பாலாடைக்கட்டி செய்தல், முதியவர்களின் கால்நகம் வெட்டுதல், பிரசவம் பார்த்தல், இறந்தவர் அருகே இரவெல்லாம் விழித்திருத்தல். அவள் வளர வளர மாயம் குறையவில்லை. பொறுப்பாக மாறிக் கூடுகிறது. ஆசிரியர் மறைந்தபின் வெளிவந்த ஐந்தாம் நூலில், சூனியக்காரியர் தொழிலைக் கற்க ஓர் ஆண்பிள்ளையே அவளை நாடி வருகிறான். ஆணின் பள்ளிக்குள் எஸ்க் நுழைந்து 28 ஆண்டுகளுக்குப் பின், பெண்ணின் பள்ளிக்குள் ஆண் நுழைகிறான்.

நாம் எடுத்துத் தரும் நூல்

இக்கதைகளைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகிறது. ஆலிஸையும் வெண்டியையும் சூசனையும் கதவுக்கு வெளியே நிறுத்தியது அவர்கள் வளர்ச்சி அன்று. அவர்கள் வளர்ச்சியைக் கண்டு கலங்கிய பெரியவர்களின் நெஞ்சமே அவர்களை நிறுத்தியது. ஒருவர் தம் சிறு தோழி வளர்வதைக் கண்டார். ஒருவர் வளராமற்போன அண்ணனை மறக்கவில்லை. ஒருவர் தம் காலத்து இளம்பெண்களின் ஆசையை அற்பமென எண்ணினார். அவர்கள் எழுதியவை சிறந்த நூல்களே. அவற்றை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆலிஸின் வழக்கு மன்றத் துணிவை எந்தப் பெண்பிள்ளையும் இழந்துவிடக் கூடாது. ஆனால் அந்நூல்களை மட்டுமே படித்து வளரும் பெண்பிள்ளை, தன் உடல் மாறத் தொடங்கும் நாளில், சொல்லாமலே ஒரு செய்தியைக் கேட்கிறாள்: உன் கதை முடிந்தது, இனி நீ பிறர்க்குக் கதை சொல்லலாம்.

அதே நூல்களைப் படிக்கும் ஆண்பிள்ளைக்கும் ஒரு செய்தி உண்டு. கூட வந்த தோழி வளர்ந்துவிட்டால் அவளை விட்டுச்செல்லலாம் என்பதே அது. பீட்டர் பான் அதைத்தான் செய்தான். ஆகவே டெனாரும் லைராவும் டிஃபனியும் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியவர்கள் அல்லர்.

நூலக அடுக்கிலிருந்து ஒரு மாயக் கதையை எடுத்துப் பிள்ளையின் கையில் தரும் பெற்றோரும் ஆசிரியரும் இரண்டு வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம். இக்கதையில் வளரும் பெண் எதையேனும் இழக்கிறாளா? இழந்தால், அது தண்டனையா, விலையா? விடை எதுவாயினும் நூலைப் பிடுங்க வேண்டியதில்லை. படித்து முடித்த பிள்ளையோடு உட்கார்ந்து, சூசன் ஏன் வரவில்லை என்று பேசினால் போதும். அப்பேச்சில் பிள்ளை தானே ஒரு முடிவை எழுதிக்கொள்வாள். தமிழில் இனி எழுதப்படும் சிறார் மிகுபுனைவுக்கும் அப்பேச்சிலிருந்து விதை கிடைக்கலாம்.

தொடங்கிய சொல்லுக்கே திரும்புவோம். 'பெரியவளானாள்' என்னும் சொல் தவறன்று. பெரிது என்பதன் அடியாகப் பிறந்த பெருமைக்குரிய சொல் அது. அதை ஒரே நாளுக்குள் நாம் அடைத்துவைத்ததே குறை. ஒன்பது வயதில் வாணலியோடு புறப்பட்டவள் பதினாறில் ஊரின் துயரைச் சுமந்தபோது பெரியவளானாள். வரம் நீங்கியபின் பாடநூலைத் திறந்தவள் அப்போது பெரியவளானாள். பிறர் தீயிலிட்ட பிள்ளையை மடியில் ஏந்திய நடுவயதுப் பெண் அன்றும் பெரியவளானாள். ஒரு பெண் ஒருமுறை அன்று, வாழ்நாள் முழுவதும் பெரியவளாகிக்கொண்டே இருக்கிறாள் என்ற பொருளை அச்சொல்லுக்கு மீட்டுத் தருவது மொழியைப் பேணும் நம் பணிகளுள் ஒன்றாகும்.